எச்.ஐ.வி.: "என் நண்பனுக்கு ஒரு டவுட்" என்று வந்தவர்கள் கேட்டவை

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் தரும் இடத்தில், பதினோரு வருடம் ஆற்றுநராக (கவுன்சிலராக) இருந்தேன். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, சந்தின் கடைசியில் இருந்தது எங்கள் அறை. கதவைத் தள்ளும் முன் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பலர் உள்ளே வருவார்கள். வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடமாவது ஆன பிறகே கேள்வி வரும், அதுவும் "என் நண்பனுக்கு ஒரு டவுட்" என்று தொடங்கும். அந்த நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒண்ணுதானே மேடம்?

இல்லை. எச்.ஐ.வி. என்பது வைரஸின் பெயர். அதற்கு மருந்து எடுக்காமல் பல வருடம் விட்டால் உடம்பு போய்ச் சேரும் நிலைக்குப் பெயர் எய்ட்ஸ். நோயோடு சண்டை போடும் வெள்ளையணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அது 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. அந்த அணுக்குள் புகுந்து பெருகி, கடைசியில் அந்த அணுவையே அழிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால், சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத கிருமிகூடப் படுக்க வைத்துவிடும். டி.பி., ஒரு வகை நிமோனியா, பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன.

மருந்தில்லாமல் அந்த இடத்துக்கு வந்து சேரப் பொதுவாக எட்டு, பத்து வருடம் ஆகும். அத்தனை காலமும் ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார். "பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எனக்கே ஒருநாளும் பார்த்துத் தெரிந்ததில்லை.

கொசு கடிச்சா வருமா? ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா? சலூன் பிளேடுல?

கொசுவால் வராது, டம்ளராலும் வராது. கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது தன் எச்சிலைத்தான், முந்தைய ஆளிடம் குடித்த ரத்தத்தை அல்ல. டெங்கு வைரஸுக்குக் கொசுவின் உடம்பில் பிழைக்கத் தெரியும். எச்.ஐ.வி. அதன் வயிற்றிலேயே செரித்துப் போகும். ஆணுறை இல்லாத உறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. இந்த நான்கைத் தவிர வேறு வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள், மஞ்சள்காமாலை பி வகைக்காகவாவது. ஆனால் பிளேடால் எச்.ஐ.வி. வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிளேடால் வந்தது என்று வீட்டில் சொல்லியிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குரங்குகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்றாங்களே... அப்ப மனுஷன் குரங்கோட...?

இந்தக் கேள்வியை யாரும் கடைசிவரை கேட்டு முடித்ததில்லை. நீங்கள் நினைப்பது போல ஒன்றும் இல்லை. வேட்டையில் வந்தது. மத்திய ஆப்பிரிக்காவில் காட்டு இறைச்சி வழக்கமான உணவு. சிம்பன்சியைக் கொன்று தோலுரித்துக் கூறு போடும்போது, கையில் இருந்த வெட்டுக்காயத்தில் அதன் ரத்தம் பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் எச்.ஐ.வி.-1 வகைக்கு மிக நெருங்கிய வைரஸ், தென்கிழக்கு காமரூன் காட்டுச் சிம்பன்சிகளிடம் இருக்கிறது. காட்டில் கிடந்த சாணத்தைப் பொறுக்கிச் சோதித்தே இதைக் கண்டுபிடித்தார்கள். சிம்பன்சிக்கும் அது பிறவியிலேயே இருந்ததல்ல. சிம்பன்சி இரண்டு வகைச் சிறு குரங்குகளை வேட்டையாடித் தின்றபோது, அவற்றின் வைரஸ்கள் அதன் உடம்பில் கலந்து உண்டானது அது. நமக்கு வந்த வழியிலேயேதான் அதற்கும் வந்தது.

வைரஸின் மரபணுவில் வருடத்துக்கு எத்தனை மாற்றம் சேருகிறது என்று கணக்கிட்டு, பின்னோக்கிப் போனால் இந்தத் தாவல் 1908 வாக்கில் நடந்திருக்கலாம் என்று வருகிறது. முன்னே பின்னே பதினைந்து, இருபது வருடம் தள்ளிப் போகலாம். தாவியதும் ஒரே ஒரு தடவை அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் மங்கபே என்ற வேறு குரங்கிடமிருந்து எச்.ஐ.வி.-2 தனியாக வந்தது. அது மெதுவாக வேலை செய்யும், குறைவாகப் பரவும். தமிழ்நாட்டிலும் சிலருக்கு உண்டு. எந்த வகை என்று பார்த்துத்தான் மருந்து தர வேண்டும், ஏனென்றால் பழைய நெவிரபின், எஃபாவிரென்ஸ் மாத்திரைகள் இரண்டாம் வகையை ஒன்றும் செய்யாது.

காட்டுல ஒரு ஆளுக்கு வந்தது உலகம் பூரா எப்படிப் போச்சு?

ஆற்று வழியாக, பிறகு ரயிலில். காமரூன் காட்டிலிருந்து சங்கா ஆறு இறங்கி காங்கோ ஆற்றில் சேர்கிறது. தந்தமும் ரப்பரும் அந்த வழியில் படகேறி, பெல்ஜியக்காரர்கள் ஆண்ட லியோபோல்ட்வில் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்றைய கின்ஷாசா அதுதான். வைரஸ் 1920 வாக்கில் அங்கே வேரூன்றியது. கூலிக்கு வந்த ஆண்கள் கூட்டம் கூட்டமாக, குடும்பம் ஊரில், அவர்களை நம்பி வந்த பாலியல் தொழில். 1940களின் கடைசியில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேலானோர் ரயிலில் அந்த நகரத்தைக் கடந்தார்கள். சுரங்க ஊர்களுக்கெல்லாம் அது அப்படித்தான் போனது.

இன்னொரு காரணமும் உண்டு, கேட்டால் சங்கடமாக இருக்கும். காலனி அரசுகள் தூக்க நோய்க்கும் பால்வினை நோய்களுக்கும் ஊர் ஊராக ஊசி முகாம் நடத்தின. கண்ணாடிச் சிரிஞ்சுகள் எண்ணிக் கொடுக்கும் அளவுக்கே இருந்தன, சரியாகக் கொதிக்க வைக்காமல் ஆள் மாற்றி ஆளுக்குப் போட்டார்கள். நல்லது செய்யப் போனவர்கள் கையாலும் இது பரவியிருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். 1959-இல் அந்த நகரத்தில் வேறு ஆய்வுக்காக எடுத்து வைத்த ஒரு ரத்த மாதிரியில், பல வருடம் கழித்து எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சான்று அது.

1960-இல் காங்கோ விடுதலை அடைந்ததும், பிரெஞ்சு தெரிந்த ஹைட்டி நாட்டு ஆசிரியர்களும் பொறியாளர்களும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் திரும்பியபோது 1966 வாக்கில் ஹைட்டிக்கும், 1970 வாக்கில் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் வைரஸ் போனது. 1981 ஜூன் 5-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வினோதமான நிமோனியா என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வாரச் செய்தியில் ஒரு சிறு குறிப்பு வந்தது. உலகம் விழித்துப் பார்த்தது அன்றைக்கு. அதற்குள் அறுபது வருடப் பயணம் முடிந்திருந்தது.

அமெரிக்காக்காரன் லேப்ல செஞ்சு விட்டான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அந்தக் கதை பிறந்த இடம் வாட்ஸ்அப் அல்ல, டெல்லி. 1983 ஜூலையில் 'பேட்ரியட்' என்ற ஆங்கில நாளிதழில், பெயர் போடாத ஓர் அமெரிக்க விஞ்ஞானி எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. எய்ட்ஸ் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் தயாரிப்பு என்றது. சோவியத் உளவுத்துறை கே.ஜி.பி.யின் வேலை அது. 1985-இல் மாஸ்கோ இதழ் ஒன்று அதையே ஆதாரமாகக் காட்டி எழுத, பல நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு சுற்று வந்தது. 1992-இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவராக இருந்த பிரிமகோவே இதை ஒப்புக்கொண்டார்.

கதையை விட்டாலும் கணக்கு ஒத்துவராது. 1959 ரத்த மாதிரியைப் பற்றி மேலே சொன்னேன். மரபணுவைத் தேவைக்கு வெட்டி ஒட்டும் வித்தை 1970களில்தான் மனிதனுக்குக் கைவந்தது.

மொதல்ல பரப்புனது ஒரு விமானப் பணியாளர்னு படிச்சேன். உண்மையா?

இல்லை. கனடாவைச் சேர்ந்த கேத்தான் டுகா என்பவர் மீது விழுந்த பழி அது. ஆய்வுக் குறிப்பில் அவர் பெயருக்குப் பதிலாக 'ஓ' என்ற எழுத்தைப் போட்டிருந்தார்கள், கலிஃபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்ற பொருளில். பார்த்தவர்கள் அதைச் சுழியம் என்று படித்தார்கள், அவர் முதல் நோயாளி ஆகிவிட்டார். 1984-இல் இறந்துபோன மனிதரால் பதில் சொல்ல முடியவில்லை. 2016-இல் பழைய ரத்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது, அவருக்கு வருவதற்கு முன்பே வைரஸ் நியூயார்க்கில் பல வருடமாக இருந்தது தெரிந்தது. நம் ஊரிலும் ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒரு 'முதல் ஆளை'த் தேடும். பெரும்பாலும் அது வீட்டுக்கு வந்த மருமகளாக இருக்கும், காரணம் கர்ப்பத்தின்போது அவளுக்குத்தான் முதலில் டெஸ்ட் எடுக்கிறார்கள்.

நம்ம நாட்டுக்கு எப்ப வந்துச்சு?

எப்போது வந்தது என்பதை விட எப்போது தெரிந்தது என்பதைச் சொல்லலாம். 1986-இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலா செல்லப்பனிடம் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். இந்தியாவில் இது இருக்கவே இருக்காது என்று பலரும் நம்பிய காலம். நிர்மலா, பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களைத் தேடிப் போய் ரத்தம் சேகரித்தார். சென்னையில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார். வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். மறுபடி செய்தார்கள், மறுபடியும் மஞ்சள். அமெரிக்காவிலும் சோதித்து உறுதியான பிறகு, அந்த மே மாதம் அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-இல் மறையும் வரை இந்த வேலையில் இருந்தார். அந்த ஆறு பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

லாரி டிரைவர்ங்கதான இங்க பரப்புனாங்க?

பரவியதில் நெடுஞ்சாலைக்குப் பங்கு உண்டு. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல், ஒரு காலத்தில் மாநிலத்திலேயே தொற்று அதிகமாக இருந்த மாவட்டங்களில் ஒன்று. வாரக்கணக்கில் வீட்டை விட்டு இருக்கும் ஆண்கள், கூலியாக வந்த கின்ஷாசா ஆண்கள் மாதிரியே. டிரைவரைக் குற்றவாளியாக்கினால் அவர் டெஸ்டுக்கு வரமாட்டார், அவ்வளவுதான் கிடைக்கும் பலன்.

தமிழ்நாடு இதில் சீக்கிரம் விழித்துக்கொண்டது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம் நடுத்தர வயதுக்காரர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் ராஜா என்றொருவர், ஒரு வருடம் முழுக்க டீக்கடைப் பக்கமே வரவில்லை பாவம். ஆனால் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே கூசிய ஊரை அது பேச வைத்தது.

டெஸ்ட்ல நெகட்டிவ். அப்ப நிம்மதியா இருக்கலாம்ல?

கடைசியாக எப்போது 'அந்த மாதிரி' நடந்தது என்பதைப் பொறுத்து. சாதாரண டெஸ்ட் வைரஸைத் தேடுவதில்லை, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரியும் அளவுக்கு வர மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். இடைப்பட்ட காலத்தில் நெகட்டிவ் என்று வரும், ஆனால் வைரஸ் அப்போதுதான் கொழுத்துப் போய் இருக்கும், மற்றவருக்குப் பரவவும் வாய்ப்பு அதிகம். ஆகவே மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வாருங்கள். அதுவரை ஆணுறை.

ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினா வந்துரும்னு பயமா இருக்கு.

எல்லா ரத்த வங்கியும் எச்.ஐ.வி. சோதனை செய்தே ஆக வேண்டும். மிச்சம் இருப்பது இப்போது சொன்ன அந்த இடைக்காலம்தான், அந்த ஆபத்து மிகச் சிறியது. ஆனால் 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதே, அது இடைக்காலத்தால் நடந்ததல்ல. ரத்தம் கொடுத்தவருக்குத் தொற்று இருப்பது அவர் முன்பு ஒருமுறை கொடுத்தபோதே பதிவாகியிருந்தது, அவரிடம் யாரும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததும் அவரே ஓடிவந்து சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நேத்து ராத்திரி ஆணுறை கிழிஞ்சுருச்சு. இப்ப என்ன பண்றது?

இதைப் படித்து முடிக்க வேண்டாம், கிளம்புங்கள். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 28 நாள், ஒரு நாளும் விடக்கூடாது. நேரம் போகப் போகப் பலன் குறையும், நான்காம் நாள் வந்தால் கொடுப்பதில் அர்த்தமில்லை. மருத்துவமனையில் ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும், வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் இதே மருந்துதான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்கு அழையுங்கள், காசு இல்லை, பெயர் கேட்கமாட்டார்கள்.

சி.டி.4 அறுநூறு இருக்கு, உடம்பும் நல்லா இருக்கு. இப்பவே எதுக்கு மாத்திரை?

முன்பு நாங்களே "இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினோம். 200-க்குக் கீழே வந்தால் மாத்திரை, பிறகு 350, பிறகு 500 என்று எல்லை ஏறிக்கொண்டே போனது. 2017-இல் எல்லையையே எடுத்துவிட்டார்கள், பாசிட்டிவ் என்று தெரிந்த உடனே மாத்திரை. காத்திருந்தவர்களை விட உடனே தொடங்கியவர்களுக்கு நோயும் சாவும் பாதிக்கு மேல் குறைவு என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. திருப்பி அனுப்பியவர்களில் சிலர் பிறகு வரவே இல்லை. அதை நினைத்தால் அந்தக் காலத்து விதியின் மேல் எனக்குக் கோபம் வரும்.

ஒரு நோய்க்கு எதுக்கு மூணு மருந்து?

எச்.ஐ.வி. தன்னைத் தானே நகலெடுக்கும்போது நிறையத் தப்பு செய்யும், திருத்தவும் செய்யாது. மருந்தில்லாத உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கோடி நகல்கள். அத்தனையில் ஏதாவது ஒன்று, நீங்கள் கொடுத்த மருந்துக்கு மசியாததாகத் தற்செயலாக அமைந்துவிடும். பிறகு அது மட்டும் பெருகும். 1987-இல் வந்த முதல் மருந்து ஏ.இசட்.டி. அப்படித்தான் தோற்றது. புற்றுநோய்க்காக 1964-இல் செய்து, பயன்படாமல் மூலையில் போட்ட மருந்து அது. தனியாகக் கொடுத்தபோது சில மாதம் நன்றாக இருந்தார்கள், பிறகு வேலை செய்யவில்லை. 1996-இல் மூன்றை ஒன்றாகக் கொடுத்தபோதுதான் படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஒரே நகல் ஒரே நேரத்தில் மூன்று பூட்டையும் உடைப்பது ஏறக்குறைய முடியாது.

இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், ஒரு நாளைக்கு ஒன்று. நான் சேர்ந்தபோது ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. உயிரைக் காப்பாற்றும், ஆனால் கன்னத்துக் கொழுப்பை உருக்கிவிடும். ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும் என்று மாத்திரையை நிறுத்தினவர்கள் உண்டு. இப்போது வந்திருப்பதில் அந்தத் தொல்லை இல்லை, சிலருக்கு எடைதான் கூடுகிறது.

ஓசியில குடுக்குற மாத்திரை தரமா இருக்குமா?

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தரும் மையத்தில் நீங்கள் வாங்கும் அதே இந்திய மாத்திரைகளைத்தான் ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் சாப்பிடுகிறார்கள். இந்த ஓசி சும்மா வந்ததல்ல. 2000 வாக்கில் மூன்று மருந்துக்கும் சேர்த்து ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். வைரஸ் இருந்தது தெற்கே ஏழை நாடுகளில், மருந்து இருந்தது வடக்கே பணக்கார நாடுகளில். 2001 பிப்ரவரியில் சிப்ளா என்ற இந்திய மருந்து நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதையே 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு டாலர். அன்றைய இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால் இது முடிந்தது. அதே சமயம் தென்னாப்பிரிக்க அரசு மலிவு மருந்து வாங்க வழி செய்ததை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தன. ஊர் காறித் துப்பியதில் ஏப்ரலில் வாபஸ் வாங்கின.

வேடிக்கை என்னவென்றால், மருந்து செய்த நாட்டிலேயே அது இலவசமாகக் கிடைக்க 2004 ஏப்ரல் 1 வரை ஆனது. முதலில் எட்டு மருத்துவமனைகளில், அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். அதற்கு முன்பு மனைவிக்கு மருந்து வாங்க வேண்டுமா, தனக்கா என்று கணவன் முடிவு செய்த வீடுகள் உண்டு.

ரெண்டு நாள் மாத்திரை போடலை. பரவாயில்லையா?

நினைவு வந்த உடனே தொடருங்கள், விட்டதற்காக இரண்டாகப் போட வேண்டாம். இரண்டு நாளால் குடி முழுகாது. ஆனால் மாதத்தில் நான்கைந்து நாள் விடுவது வழக்கமானால், ரத்தத்தில் மருந்து அரைகுறையாக நின்று, மூன்று மருந்துக் கேள்வியில் சொன்ன அந்த மசியாத நகலுக்கு நீங்களே சோறு போட்டதாகும். பிறகு இரண்டாம் வரிசை மருந்து, அதுவும் போனால் மூன்றாம் வரிசை. நான்காவது என்று எடுத்து வைக்க ஒன்றுமில்லை.

சிகிச்சையின் பெரிய சிக்கல் என்னவென்று டாக்டர்கள் கேட்டால், மாத்திரை டப்பா என்பேன். முப்பது மாத்திரை உள்ள வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, நடந்தால் கிலுகிலு என்று சத்தம். கூட்டுக்குடும்பத்தில் இருந்த ஒரு பெண், மையத்து வாசலிலேயே லேபிளைக் கிழித்துவிட்டு, டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துக் கைப்பையில் வைப்பார். வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைப்பார். நாத்தனார் ஊரிலிருந்து வந்தால் சமையலறை அவர் கைக்குப் போகும், அந்த வாரம் மாத்திரை கிடையாது. அவருக்கு மறதி இல்லை, ஒளித்து வைக்க வேறு இடம் இல்லை. கடைசியில் சத்து மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் அவர் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, சரியாக வந்தது. இரவு ஷிஃப்ட் பனியன் கம்பெனி வேலை, மாதா மாதம் மையத்துக்கு வர ஒரு நாள் கூலி இழப்பு, குடி, எல்லாம் இந்த வரிசையில் சேரும்.

டி.பி.யும் இருக்குன்னுட்டாங்க. ரெண்டு மருந்தும் சேர்த்துப் போடலாமா?

போட வேண்டும். உலகம் முழுக்க எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்வதில் டி.பி.தான் முதலிடம். ஒரு சிக்கல் உண்டு. டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிரைச் சீக்கிரம் உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். அதனால் அந்த மாதங்களில் பன்னிரண்டு மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் மட்டும் இன்னொன்று தருவார்கள். இரண்டு இடத்திலும் உண்மையைச் சொன்னால்தான் இது நடக்கும். டி.பி. பிரிவில் எச்.ஐ.வி.யை மறைத்து, இங்கே டி.பி.யை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்களும் அதைச் சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மருந்து ஏறாது.

வைரல் லோடு 'இல்லை'ன்னு வந்துருச்சு. குணமாயிட்டேன்ல?

குணமாகவில்லை, கட்டுக்குள் வந்திருக்கிறது. வைரஸ் தன் மரபணுவைச் சில அணுக்களுக்குள் தைத்துவிட்டுத் தூங்கும். மருந்து ஓடுகிற வைரஸைப் பிடிக்கும், தூங்குகிறதைப் பிடிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பி வந்துவிடும்.

முழுக்கக் குணமானவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் முதல் ஆள் டிமோதி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் பெர்லினில் அவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியபோது, எச்.ஐ.வி. நுழையும் கதவே இல்லாத அபூர்வ மரபணு கொண்டவரின் மஜ்ஜையைத் தேடிக் கொடுத்தார்கள். வைரஸ் போய்விட்டது. ஆனால் அந்தச் சிகிச்சையே உயிரைக் குடிக்கக்கூடியது, புற்றுநோய் இல்லாதவருக்கு யாரும் செய்யமாட்டார்கள். 2020-இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால், எச்.ஐ.வி.யால் அல்ல.

அப்ப நான் கல்யாணம் பண்ணிக்கலாமா? குழந்தை?

இரண்டும் முடியும். ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வைரஸ் தொடர்ந்து குறைந்திருந்தால், உடலுறவின் மூலம் பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 888 தம்பதிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை, துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வர 15 முதல் 45 சதவீத வாய்ப்பு. தாய் மாத்திரை எடுத்து, பிறந்த குழந்தைக்குச் சில வாரம் மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வரும். மாத்திரையோடு தாய்ப்பால் கொடுக்கலாம், முதல் ஆறு மாதம் அது மட்டும். குழந்தைக்குச் சாதாரண டெஸ்ட் எடுத்துப் பாசிட்டிவ் என்று பயந்துவிடாதீர்கள். தாயின் எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை இருக்கலாம். அதனால் ஆறாவது வாரத்தில் வைரஸையே தேடும் தனி டெஸ்ட் எடுப்பார்கள்.

நாட்டு மருந்துல சரியாகிடும்னு ஒருத்தர் சொன்னாரு. காசும் கட்டிட்டேன்.

காசு போனது போகட்டும், மாத்திரையை விடாதீர்கள். சூரணமும் லேகியமும் பசியைத் தூண்டலாம், தெம்பு தரலாம், நான் மறுக்கவில்லை. வைரஸை அடக்குவதாகக் காட்டியது ஏ.ஆர்.டி. மட்டுமே. "வைரல் லோடு பார்த்தீர்களா?" என்று அந்த வைத்தியரைக் கேளுங்கள்.

ஒரு நாடே இதில் ஏமாந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார். அரசு மருந்து தரும்வரை நானும் சாப்பிடமாட்டேன் என்று, தொற்றுள்ள போராளி ஜாக்கி அக்மட் தன் மாத்திரையை மறுத்தார். அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3,30,000-க்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள்.

கொரோனாவுக்கு ஒரு வருஷத்துல ஊசி வந்துச்சு. இதுக்கு ஏன் நாப்பது வருஷமா வரலை?

1984-இல் அமெரிக்க அமைச்சர் ஒருவர் இரண்டு வருடத்தில் சோதனைக்குத் தயாராகும் என்றார். கொரோனாவை உடம்பு பெரும்பாலும் தானே வென்றுவிடும், தடுப்பூசி அந்த வெற்றியை முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கிறது. எச்.ஐ.வி.யைத் தானே முழுக்க விரட்டியவர்கள் மிக மிக அபூர்வம், பிறகு எதைச் சொல்லிக் கொடுப்பது? போதாததற்கு வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. 2009-இல் தாய்லாந்துச் சோதனை 31 சதவீதம் தடுத்தது, அதற்கு மேல் எதுவும் தாண்டவில்லை.

தடுப்பூசி இல்லாவிட்டாலும் தடுக்கும் ஊசி வந்திருக்கிறது. லெனாகாபவிர் என்ற மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024-இல் முடிவு வந்தது. அது எல்லாருக்கும் போய்ச் சேருமா என்பது வேறு கதை. உலகில் நான்கு கோடிப் பேருக்கு மேல் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்காவில் பல மையங்கள் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தின. மருந்து இருந்தும் கிடைக்காத கதையை சிப்ளா காலத்தோடு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

ஆபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டாங்க. வேலையை விட்டும் எடுத்துட்டாங்க.

சட்டப்படி இரண்டுமே செய்யக்கூடாது. 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலை, படிப்பு, மருத்துவம், வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாநிலத்தில் இதற்கென்று குறைதீர்ப்பு அலுவலர் உண்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். அறுவை அரங்கில் எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறைதான், உங்களுக்கென்று தனியாக ஒன்றும் தேவையில்லை. நடைமுறையில் "கருவி பழுது", "டாக்டர் லீவு" என்று வேறு காரணம் சொல்வார்கள். அதனால் மறுத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் கருவி சரியாகிவிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லலைன்னா நீங்களே என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவீங்களா?

உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவே கூடாது, முடிவை இன்னொருவரிடம் சொல்வதும் குற்றம். துணையைப் பொறுத்தவரை ஒரே ஒரு விலக்கு உண்டு. துணைக்குத் தொற்றும் ஆபத்து உண்மையாகவே இருந்து, சொல்லும்படி உங்களுக்கு ஆலோசனை கொடுத்தும் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று உறுதியானால், உங்களிடம் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆற்றுநரோ துணையிடம் நேரில் சொல்லலாம். சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலை இருந்தால், குறிப்பாகப் பெண்களுக்கு, அப்போதும் சொல்லக்கூடாது.

இந்த விலக்கை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. சரியா தவறா என்று இன்னும் குழப்பம் உண்டு. ஒருவர் எட்டு மாதம் இழுத்தடித்தார், வாரா வாரம் போன் செய்தேன். கடைசியில் மனைவியைக் கூட்டி வந்து என் முன்னால் உட்கார வைத்துவிட்டு, "இவங்க ஒண்ணு சொல்வாங்க, கேட்டுக்கோ" என்று எழுந்து வெளியே போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் பத்து நிமிடம். அவர் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. "எனக்கும் இப்பவே ரத்தம் எடுங்க" என்று புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார்.